எரிப்புக் காண்ட்ராக்டர், வலது கை

போன மாதம் மைசூர் ஹெப்பாளிலிருந்து தீபிகா என்ற பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையில் இப்போது மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். தமிழ் வீட்டுப் பெண்தான். ஆனால் கன்னடத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் சந்தேகப்பட்டு, கடைசியில் தமிழில் பேசுகிறவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சியாளர்களுக்கு நான் வந்து காண்ட்ராக்ட் பற்றிப் பேச வேண்டுமாம்.

"ஜாஸ்தி வேண்டாம் அங்கிள். பதினஞ்சு நிமிஷம் சாக்கு."

கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று பொருள். தமிழில் அது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் காரணம். இரண்டு பொருளிலும் எனக்குச் சரியாகவே பட்டதால் ஒப்புக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு அங்கிள். பேசறப்போ காண்ட்ராக்ட் லேபர்னு மட்டும் சொல்லாதீங்க. இப்போ அந்த வேர்டு யூஸ் பண்றதில்லே. பார்ட்னர் அசோசியேட்னுதான் சொல்றோம்."

"ஆளுங்க மாறிட்டாங்களா?"

"இல்லே அங்கிள், அதே ஆளுங்கதான்."

காண்ட்ராக்ட் பற்றிப் பேச வேண்டும், காண்ட்ராக்ட் என்று சொல்லக் கூடாது. இதைவிடக் கடினமான நிபந்தனைகளோடு நான் டெண்டர் விட்டிருக்கிறேன் என்பதால் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு பயிற்சியாளர் எழுந்து, காண்ட்ராக்ட் என்பதற்கு ஒரே வரியில் விளக்கம் வேண்டும் என்றார். சட்டத்தால் நிறைவேற்றக்கூடிய உடன்பாடு என்று சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பரீட்சைக்கு அது போதும். வேலைக்கு ஏன் போதாது என்பதைப் பதினைந்து நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை. நமது தமிழ்ச் சங்கத்தின் மலரில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது மைசூரில். பகலில் பி.ஏ., மாலையில் சட்டம், அதற்கு மேல் தொழிலாளர் நலத்தில் ஒரு டிப்ளோமா. இவ்வளவும் படித்தவனுக்குத் தொழிற்சாலை கொடுத்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. அதற்குப் பெயர் காண்ட்ராக்ட் செல். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. நடைமுறைக் கையேடு ஒன்றைக் கொடுத்து, முழுவதும் படித்தவர் இதுவரை யாரும் இல்லை என்றார்கள். அந்தக் காலியிடத்தை நான் நிரப்பினேன்.

அறையில் ஒரு கையடக்க ஆங்கில அகராதியும் இருந்தது. அதில் காண்ட்ராக்ட் என்ற சொல்லுக்கு நான்கு பொருள்: ஒப்பந்தம் செய்தல், கல்யாணம் செய்துகொள்ளுதல், நோய் தொற்றிக்கொள்ளுதல், சுருங்குதல். இந்த நான்கும் ஒரே மனிதருக்கு இதே வரிசையில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் இன்னும் இருக்கிறார் என்பதால் பெயர் வேண்டாம். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா புட்டராஜு ஐந்தாவது பொருள் ஒன்றும் உண்டு என்பார். ஆளைத் தீர்த்துக்கட்டுவது. தினமும் பேப்பர் படிக்கிறவர் அவர்.

இது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் சிக்கல் இல்லை. கன்னடத்தில் கராரு என்றால் ஒப்பந்தம். தமிழில் கறார் என்றால் வளையாத குணம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பா ரொம்பக் கறார் என்று கன்னட வாத்தியாரிடம் சொன்னேன். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார்.

வேலையில் சேர்ந்த புதிதில் தொழிற்சாலைத் தோட்டத்தைப் பராமரிக்க ஆள் தேவைப்பட்டது. தோட்டப் பராமரிப்பு 'குத்திகெ'க்கு விடப்படும் என்று கன்னடத்தில் அறிவிப்பு வைத்தோம். குத்திகெ என்றால் நம்முடைய காண்ட்ராக்ட். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து பொன்னுசாமி மேஸ்திரி என்பவர் வந்து எடுத்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். பாத்தி கட்டினார், தண்ணீர் விட்டார், காய்ந்த மட்டைகளை இறக்கினார். ஒருநாள் காலை டெம்போ கொண்டுவந்து மரங்களில் இருந்த தேங்காய் முழுவதையும் பறித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆள் விட்டுத் தேடியபோது காய்கள் தேவராஜ மொஹல்லாவில் கை மாறியிருந்தன. மேஸ்திரி ஓடி ஒளியவில்லை. கூப்பிட்டதும் வந்தார்.

"ஏனுங்க, தோப்பக் குத்தகைக்கு எடுத்தவன் காயப் பறிக்காம கலெக்டருக்கு மனுவா போடுவான்?" என்றார்.

அவர் பக்கத்தில் குத்தகை என்றால் குத்தகைதான். எடுத்தவனுக்கு விளைச்சல் சொந்தம். கன்னடத்திலும் நிலத்தைக் குத்திகெக்கு விடுவதுண்டு, அங்கேயும் விளைச்சல் எடுத்தவனுக்கே. மேஸ்திரியைப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது பர்சனல் மேனேஜர் காவேரப்பா என்னை அழைத்து ஒன்று மட்டும் கேட்டார். அந்த ஆள் புரிந்துகொண்டது எந்த மொழியிலாவது தப்பா? யோசித்துவிட்டு, எந்த மொழியிலும் தப்பில்லை என்றேன். அப்படியானால் தப்பு அறிவிப்பில், திருத்துங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையின் குத்திகெ அறிவிப்புகள் எல்லாவற்றிலும் 'தேங்காய் நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கும். கழிப்பறை சுத்தம் செய்வதற்கான அறிவிப்பிலும் இருக்கும். நான் ஓய்வு பெறும்வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் குறிப்பு அனுப்பவில்லை.

காவேரப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குடகுக்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கடிதம் எதையும் படிக்க மாட்டார், கேட்பார். நாம் நின்றுகொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணால் படித்தால் எழுத்து அழகில் மயங்கிவிடுவோம், பொய் காதில்தான் இடறும் என்பது அவர் கட்சி. படித்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான் வரும். "யாரு, யாருக்கு, என்ன செஞ்சாங்க?" இதற்கு ஒரு மூச்சில் பதில் சொல்ல முடியாவிட்டால் கடிதம் திரும்பிவிடும்.

அவர் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். இரண்டு சொற்களை மட்டும் மாற்ற முடியாது. ஒன்று 'நோடோணா'. பார்க்கலாம் என்று அர்த்தம். குட்டையாகச் சொன்னால் முடியாது. இழுத்துச் சொன்னால், முடியாது, இனி என்னிடம் கேட்காதே. இன்னொன்று சம்மதத்துக்கு: 'மாடி' என்பார், செய்யுங்கள் என்று. அந்தச் சொல்லைக் கேட்காமலே ஓய்வு பெற்றவர்கள் எங்கள் பிரிவில் உண்டு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் கேட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, காவலாளியின் சல்யூட்டைத் திருத்துவார். விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும், நேராக இருக்க வேண்டும், சுண்டு விரல் தொங்கக் கூடாது. மடங்கின விரலால் வைத்தால் அது சல்யூட் இல்லை, கொசு விரட்டுவது என்பார். சல்யூட் யாருக்கு என்பதற்கும் கையேட்டில் பட்டியல் உண்டு. அதிகாரிகளுக்கு, விருந்தாளிகளுக்கு, காண்ட்ராக்டர்களுக்கு. காண்ட்ராக்டரின் கூலியாட்களுக்கு சல்யூட் கிடையாது. அவர்களுக்குத் தனி வரிசை உண்டு, வெளியே போகும்போது பையையும் உடம்பையும் தடவிப் பார்ப்பார்கள்.

காண்ட்ராக்டர்களுக்குக் குறைவே இல்லை. கேண்டீன் காண்ட்ராக்டர், கழிவிரும்பு காண்ட்ராக்டர், ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டர். பாம்பு காண்ட்ராக்டர்கூட இருந்தார். பிடித்த பாம்புக்கு இவ்வளவு என்று கணக்கு. தானாகவே வெளியேறிய பாம்புக்குக் கட்டணம் உண்டா என்று ஆடிட்டுக்கும் எனக்கும் நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக ஒரு எரிப்புக் காண்ட்ராக்டர் முளைத்தபோது ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை.

மாராயி கேண்டீனில் வேலை செய்தவர். ஹனூரிலிருந்து வந்து ஹெப்பாள் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும், பயப்படாமல் பேசுகிறவர். கேண்டீன் காண்ட்ராக்டர் நாகராஜப்பாவின் ஆள். ஒருநாள் சாம்பார் அண்டாவின் கைப்பிடி கழன்று, கொதித்த சாம்பார் வலது கையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். புண் ஆறியது. ஆறும்போது கையும் சேர்ந்து மூடிக்கொண்டது. வெந்த தோல் ஆறுகையில் சுருங்கி விரல்களை உள்ளங்கைப் பக்கம் இழுத்துவிடும் என்று எங்கள் ஆலை டாக்டரம்மா பிற்பாடு எனக்கு விளக்கினார். அந்தத் தழும்பை வெட்டி விடுவித்து வேறு தோல் வைத்தால் விரல்கள் நீளும். தள்ளிப்போட்டால் மூட்டுகள் இறுகிவிடும், அப்புறம் எந்த ஆபரேஷனாலும் பயனில்லை. மாராயிக்கு ஏற்கெனவே தாமதமாகியிருந்தது.

ஆபரேஷனைத் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். ஆனால் காப்பீட்டில் பெயர் இருக்க வேண்டும். நாகராஜப்பா மாராயியைப் பதிவு செய்யவே இல்லை. அவர் கேண்டீனில் பரிமாறுகிறவர்கள் நிறைய, பதிவில் இருந்தவர்கள் கொஞ்சம். ஆகவே இந்தப் பெண் இங்கே வேலை செய்கிற தொழிலாளி, வேலையில் இருக்கும்போது காயம்பட்டார் என்று தொழிற்சாலையே சான்று தர வேண்டியிருந்தது. அந்த ஒரு சான்றில்தான் கை இருந்தது.

இனி நடைமுறை. ஆலை மருத்துவகத்தில் டாக்டரம்மா குறிப்பு எழுதுவார். மருத்துவகம் வளாகத்தின் ஒரு கோடி, டைம் ஆபீஸ் மறு கோடி. எனவே கம்பவுண்டர் அந்தக் குறிப்பின் சுருக்கத்தைப் போனில் சொல்ல, டைம் ஆபீஸில் புட்டராஜு எழுதிக்கொள்வார். டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: போஸ்ட்-பர்ன் காண்ட்ராக்சர், ரைட் ஹேண்ட். நீட்ஸ் ஏர்லி ரிலீஸ். அதாவது தீக்காயத்துக்குப் பின் வலது கையில் ஏற்பட்ட சுருக்கம், சீக்கிரம் விடுவிக்க வேண்டும்.

புட்டராஜுவுக்கு காண்ட்ராக்சர் என்ற சொல் தெரியாது. காண்ட்ராக்டர் தெரியும். எங்கள் கையடக்க அகராதிக்கும் அப்படியே. போஸ்ட் என்றால் பதவி. பர்ன் என்றால் எரிப்பது. குப்பை எரிக்கும் இடம் கேட்டுக்கு வலது கைப் பக்கம்தான் இருந்தது. ரிலீஸ் என்றால் காண்ட்ராக்டிலிருந்து விலகிக்கொள்வது. மனிதர் கேட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் தெரிந்த பொருளைப் போட்டு அழகாக எழுதினார்: 'மாராயி. பதவி: எரிப்புக் காண்ட்ராக்டர். இடம்: வலது கைப் பக்கம். சீக்கிரம் விலக விரும்புகிறார்.'

விலக விரும்பும் காண்ட்ராக்டரின் கோப்பு காண்ட்ராக்ட் செல்லுக்கு வர வேண்டும். வரும் வழியில் கணக்குப் பிரிவு, இந்தக் காண்ட்ராக்டருக்குக் கம்ப்யூட்டரில் எண் இல்லையே என்று ஒரு எண் கொடுத்துவிட்டது. காண்ட்ராக்டரை விடுவிக்க வேண்டுமானால் அவர் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்கும் வாசகம்: கம்பெனியிடமிருந்து எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை, இனிமேலும் இருக்காது.

நாகராஜப்பாவுக்கு இந்தச் செய்தி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. மறுநாளே அந்தத் தாளையும் மாராயியையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். முகத்தில் அவ்வளவு அக்கறை.

"பாவம் சார் இவங்க. சீக்கிரம் முடிச்சுக் கொடுத்துடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எதுக்குக் கையெழுத்துன்னு சொன்னாங்களாம்மா?" என்று மாராயியைக் கேட்டேன்.

"ஆசுபத்திரிக்குத்தானுங்க. இதப் போட்டா சீக்கிரமா ரிலீஸாம்."

நான் அந்தத் தாளைத் தமிழில் படித்துக் காட்டினேன். நீங்கள் குப்பை எரிக்கும் காண்ட்ராக்டர் என்றும், கம்பெனியிடம் இனி எதையும் கேட்கப் போவதில்லை என்றும் இதில் இருக்கிறது என்றேன். மாராயி நாகராஜப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நானு காண்ட்ராக்டருங்களா? அப்ப கேட்டுல எனக்கு சல்யூட் வெச்சிருக்கோணுமே சாருங்க. ஒருத்தனும் வெக்கல. கேட்டுல நிக்கற அந்தம்மா தெனமும் மடியத் தடவிப் பாத்துப்போட்டுத்தான் வெளிய உடுது."

நாகராஜப்பா சிரித்து, படிக்காதவர்கள் அப்படித்தான் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, கோரிக்கை கீரிக்கை எல்லாம் எழுத்தில் இருப்பதுதான், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேனா பிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, இடது கட்டைவிரல் போதும் என்று ஸ்டாம்ப் பேடையும் திறந்து வைத்தார். கொண்டே வந்திருந்தார்.

கையேட்டை எடுத்தேன். கைநாட்டு பற்றி அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்களுக்கு இடது கட்டைவிரல், பெண்களுக்கு வலது. இடது கை வாங்கினால் செல்லாது. குறிப்பிட்ட விரல் கிடைக்காவிட்டால், காரணத்தை ஆலை மருத்துவர் அதே தாளில் தம் கைப்பட எழுத வேண்டும். இதை நாகராஜப்பாவிடம் படித்துக் காட்டினேன். மாராயியின் வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தது. அவர் அந்தக் கையை மேஜைமேல் வைத்தார், இந்தாங்க எடுத்துக்குங்க என்பது போல.

"இதெல்லாம் யாரு சார் பார்க்கறாங்க?" என்றார் நாகராஜப்பா.

"நான்" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, காண்ட்ராக்டர் ஒருவருக்குக் கட்டைவிரல் கிடைக்கவில்லை, எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். பெயரைக் கேட்டதும் அவர், காண்ட்ராக்டர் இல்லை சார், காண்ட்ராக்சர் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மூட்டு இறுகினால் என்ன ஆகும் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

தப்பு தெரிந்துவிட்டதால் திருத்திவிடலாம் என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் கொஞ்ச நேரம் நினைத்தேன். பதிவைத் திருத்த, எழுதினவர் எழுதிக் கேட்க வேண்டும். புட்டராஜு நல்ல மனிதர். காதில் விழுந்ததைத்தான் எழுதினேன், கம்பவுண்டர் தப்பாகச் சொன்னதாக எழுதிக் கொடுத்தால் இப்போதே திருத்துகிறேன் என்றார். கம்பவுண்டரும் நல்லவர்தான். சரியாகச் சொன்னவன் தப்பாகச் சொன்னேன் என்று எப்படி எழுதுவது என்றார். கணக்குப் பிரிவோ, ஏற்கெனவே கொடுத்த காண்ட்ராக்டர் எண்ணை நீக்க வேண்டுமானால் எளிய வழி உண்டு என்றது. அந்தக் காண்ட்ராக்டர், தனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு காவேரப்பாவிடம் போனேன். மாராயியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். உள்ளே போகும்போது அவர் ஒன்று சொன்னார்.

"சாருங்க, ஒத்தக் கையில சோறு திங்கலாமுங்க. சமைக்க முடியாது. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

காவேரப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் நின்றுகொண்டு எல்லாவற்றையும் படித்தேன். டாக்டரம்மா எழுதியது, புட்டராஜு எழுதியது, கணக்குப் பிரிவின் குறிப்பு, கையெழுத்தாகாத தாள். எரிப்புக் காண்ட்ராக்டர் என்ற இடத்தில் அவர் புருவம் மட்டும் அசைந்தது. படித்து முடித்தேன். யார், யாருக்கு, என்ன செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் விட்டுவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

விசாரணைக்கு உத்தரவிட்டுப் பதிவைத் திருத்தலாமா என்றேன்.

"விசாரணை வெச்சா புட்டராஜு வக்கீலப் பார்ப்பார், கம்பவுண்டர் யூனியனுக்குப் போவார். அதுக்குள்ள அந்தக் கை கல்லாயிடும்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "தப்பத் திருத்த நேரமில்ல. அதையே கடைசிவரைக்கும் நடத்திப் பார்ப்போம். இந்த எரிப்புக் காண்ட்ராக்டர்கிட்ட எத்தன கூலியாளு?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"ஒருத்தர், சார்."

"பேரு?"

"மாராயி."

"காண்ட்ராக்டர் பேரு?"

"மாராயி, சார்."

"காண்ட்ராக்டர் தன் கூலியாளக் காப்பீட்டுல சேர்த்திருக்காங்களா?"

"இல்ல, சார்."

"காண்ட்ராக்டர் சேர்க்காம விட்டா சட்டப்படி யாரு பொறுப்பு?"

"முதன்மை முதலாளி."

"அது யாரு?"

"நாமதான், சார்."

அவர் கண்ணைத் திறந்து, வெளியே காத்திருந்த நாகராஜப்பாவைக் கூப்பிடச் சொன்னார். காண்ட்ராக்டரே கூலி வேலை செய்வார்களா, எங்காவது நடக்குமா என்று அவர் ஆட்சேபித்தால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் அதையேதான் சொன்னார். காவேரப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல, கேட்டில் உங்கள் பையை என்றைக்காவது தடவிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். நாகராஜப்பாவுக்கு நிஜமாகவே மனது புண்பட்டுவிட்டது.

"என் பையையா? சார், நான் காண்ட்ராக்டர்."

"மாராயி பையை?"

"அது தினமும் சார். கூலிங்கள விடுவாங்களா? சாப்பாட்ட எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

நாகராஜப்பா தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்திருக்க வேண்டும். யாருடைய கூலியாள், நாகராஜப்பாவின் ஆளா, மாராயி தனக்கே ஆளா என்பதை நிதானமாக விசாரிக்கலாம், அதற்குக் காலம் கிடக்கிறது, ஆனால் கூலியாள் என்பது முடிவாகிவிட்டது என்று காவேரப்பா சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாடி."

அன்று மதியமே சான்று தயாரானது. எரிப்புக் காண்ட்ராக்டர் மாராயியின் கீழ் வேலை செய்த தொழிலாளி மாராயி, வேலை நேரத்தில் காயம்பட்டார் என்றும், மேற்படி காண்ட்ராக்டர் தம் கடமையில் தவறியதால் முதன்மை முதலாளியான நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்றும் நானே எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய கடிதங்களில் இதில் மட்டும்தான் ஒரு சொல் பொய்யும் இல்லை, ஒரு சொல் நிஜமும் இல்லை. காவேரப்பா கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். மாராயியிடம் கொடுத்தபோது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"என்ற கடமையில நாந்தான் தவறிப்போட்டனா? போவுதுங்க, நானே என்னய மன்னிச்சுக்கறேன்" என்று வாங்கி ரவிக்கையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து வைத்தார்களாம். அப்புறம் மாதக்கணக்கில் விரல்களுக்குப் பட்டை கட்டி, சப்பாத்தி மாவைப் பிசைந்து பிசைந்து பயிற்சி. மருத்துவகத்துக்கு வரும்போதெல்லாம் என் அறை வாசலில் நின்று, எந்த விரல் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று காட்டிவிட்டுப் போவார். நாகராஜப்பா விவகாரத்தை நிதானமாக விசாரித்தோம். அவர் ஆட்கள் அத்தனை பேரும் பதிவுக்கு வந்தார்கள். மாராயியும் அதில் ஒருவராகக் கேண்டீனுக்குத் திரும்பி, முதலில் காய் நறுக்க உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டரில் இருந்த காண்ட்ராக்டர் எண்ணை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க அந்தத் தாளில் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளை நான் மாராயியிடம் மறுபடி நீட்டவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் காண்ட்ராக்டர்களை அழைத்து, பூஜை முடிந்ததும் இனிப்புப் பெட்டி கொடுப்பது வழக்கம். அழைப்பிதழைக் கம்ப்யூட்டர் அச்சடிக்கும், எண் உள்ளவர்கள் எல்லோருக்கும் போய்விடும். மாராயிக்கும் போயிருக்கிறது. முந்தின நாள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வரலாமா கூடாதா, வந்தால் துரத்திவிடுவார்களா என்று கேட்டார். காண்ட்ராக்டர்கள் வரவில்லை என்றால் கம்பெனி வருத்தப்படும் என்று அழைப்பிதழிலேயே இருக்கிறது என்றேன்.

அன்று காலை நான் கேட்டருகில் நின்றிருந்தேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. வாகனங்களுக்குப் பூசணிக்காய் உடைத்த இடத்தை யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். காவேரப்பாவின் கார் வந்து, வழக்கம்போல நின்றது. அவர் இறங்கிக் காவலாளியின் முழங்கையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாராயி மஞ்சள் புடவையில், தலை நிறையப் பூவோடு வந்தார். பழக்க தோஷத்தில் தடவிப் பார்க்கும் வரிசைக்குப் போய் நின்றார். அங்கிருந்த பெண் காவலாளியும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம் இல்லம்மா" என்றேன்.

அவர் திரும்பி வந்து அழைப்பிதழைக் காட்டினார். கேட்டுக் காவலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் காவேரப்பாவைப் பார்த்தார். காவேரப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி நிமிர்ந்து நின்று மாராயிக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மாராயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையைத் தூக்கிப் பதிலுக்கு சல்யூட் வைத்தார். நான்கு விரல்கள் நேராக இருந்தன. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் உள்பக்கம் மடங்கியிருந்தது.

காவேரப்பா பார்த்தார். திருத்தவில்லை.